பெயர் பொறிக்காத பழைய மரக் கேமராவை அடையாளம் காண்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு பழைய வீடு அடுக்ககமாக மாறப்போகிறது என்றால், இடிப்பதற்கு முன் பரண் காலியாகும். வெண்கலப் பானை, ஊறுகாய் ஜாடி, தாத்தாவின் தகரப் பெட்டி ஆகியவற்றோடு எப்போதாவது ஒரு மரக் கேமராவும் கீழே இறங்கும். பித்தளைப் பட்டை, தோல் துருத்தி, பின்பக்கம் காட்சி விழுந்து தெரியும் தேய்த்த கண்ணாடி எல்லாம் இருக்கும்; செய்தவர் பெயர் மட்டும் இருக்காது. உடனே கைபேசியில் படமெடுத்து, "இது எந்தக் கம்பெனி? என்ன விலை போகும்?" என்று நாலு பேருக்கு அனுப்புவார்கள். நாலு பேரும் நாலு பெயர் சொல்வார்கள்.

கம்பெனிப் பெயர் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் அளவு, அடுத்து கட்டுமானம், அதற்கடுத்து மரமும் உலோகமும், எல்லாம் முடிந்த பிறகே லென்ஸ். இந்த வரிசையில் போனால், எந்த நாட்டு மரபில் வந்தது, ஏறத்தாழ எந்தக் காலம், எந்த வேலைக்காகச் செய்தது என்பது வரை பெரும்பாலும் வந்துவிடலாம். அதற்குமேல் ஒரு பெயரும் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

பெயரில்லாத கேமராக்கள் இத்தனை இருப்பதில் மர்மம் எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்பதே வழக்கம். மான்செஸ்டர் நகரத்து ஜோஷுவா பில்கிளிஃப் போன்றவர்கள் பிற கடைகளுக்காகக் கேமரா செய்து கொடுத்தார்கள். கடைக்காரர் தன் பெயர்ச் சில்லை ஒட்டி விற்றார். சில்லு விழுந்துவிட்டால் கேமரா அநாதை. நம் ஊருக்கு வந்த பிறகோ, உள்ளூர்த் தச்சர்கள் அதைப் பார்த்து அதேபோல் செய்தார்கள். அவர்கள் பெயர் பொறிப்பதைப் பற்றி யோசித்ததே இல்லை.

தொடுவதற்கு முன்

நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். வேண்டாம். பழைய கேமராக்களின் பித்தளைமேல் பொன்னிற அரக்குப் பூச்சு ஒன்று இருக்கும். புளியோ, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷோ போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். பூச்சு போனால், கால அடையாளங்களில் ஒன்று போயிற்று, விலையும் இறங்கும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், இப்போதைக்கு அது போதும்.

துருத்தியை இழுத்து நீட்ட அவசரப்படாதீர்கள். கடற்காற்றிலும் ஈரத்திலும் பல வருடம் மடிந்து கிடந்த தோல், மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேகமாக இழுத்தால் ஓரங்கள் விரியும். ஓர் அங்குலம் இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி ஓர் அங்குலம்.

கேமராவோடு ப்ளேட் ஹோல்டர்கள், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகட்டை வைக்கும் சட்டங்கள், இருந்தால் வெளிச்சத்தில் திறக்காதீர்கள். உள்ளே கழுவாத கண்ணாடி ப்ளேட் இருக்கலாம். ஜன்னலை அடைத்த இருட்டறையில் விரலால் தடவிப் பார்த்து, காலி என்று தெரிந்த பிறகு வெளியே கொண்டுவரலாம். கூடவே டார்க் ரூம் பாட்டில்கள் கிடைத்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம். கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்த ஈர கொலோடியன் காலத்தில் படத்தை நிலைநிறுத்தப் பொட்டாசியம் சயனைடு பயன்பட்டது. நெகட்டிவை அடர்த்தியாக்கப் பாதரச உப்பு பயன்பட்டது. சீட்டு கிழிந்த பாட்டிலில் இருப்பது என்னவென்று முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

இது கேமராதானா?

சிரிக்காதீர்கள். என்னிடம் வரும் படங்களில் கணிசமானவை கேமராவே இல்லை.

முதல் வகை, வரவேற்பறை அலங்காரத்துக்காக இன்று செய்யப்படும் பொம்மைகள். மொராதாபாத், ரூர்க்கி போன்ற வடநாட்டு ஊர்களில் பித்தளைக் கைவினை பெரிய தொழில். தொலைநோக்கி, திசைகாட்டி இவற்றோடு 'பழங்கால' கேமராவும் அங்கிருந்து வருகிறது. மரத்துக்குச் செயற்கையாகக் கறை ஏற்றியிருப்பார்கள். பின்பக்கத்தைப் பாருங்கள்: தேய்த்த கண்ணாடியும், ப்ளேட் ஹோல்டர் நுழையும் காடியும் இல்லையென்றால் விஷயம் முடிந்தது. துருத்தி மடங்காமல் விறைத்து நிற்கும். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும். ஏதாவது ஐரோப்பியப் பெயரும், ஆண்டும் பளிச்சென்று பொறித்திருக்கும். உண்மையான பழைய கேமராவில் பெயர் இருந்தாலும் சின்னதாக, அடக்கமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வகை, என்லார்ஜர். துருத்தியும் லென்ஸும் அதிலும் உண்டு. ஆனால் பின்னால் விளக்கு வைக்கத் தகரக்கூண்டும், புகைபோக்கி போன்ற துளையும் இருந்தால் அது படத்தைப் பெரிதாக்கும் கருவி, எடுக்கும் கருவி அல்ல.

மூன்றாவது, அச்சகத்து ப்ராசஸ் கேமரா. சென்னையில் ப்ளாக் செய்யும் தொழில் செழித்திருந்த காலத்தில் ஓவியத்தையும் புகைப்படத்தையும் அச்சுக்கட்டையாக்க இது தேவைப்பட்டது. நீண்ட தண்டவாளம், ஒரு முனையில் மூலப்படத்தை மாட்டும் பலகை, மறுமுனையில் பெரிய பெட்டி. ஆளைப் படமெடுக்க இது செய்யப்படவில்லை. துண்டு துண்டாகக் கழற்றி விற்கப்பட்டால், அந்தப் பெட்டி மட்டும் 'ராட்சத ஸ்டூடியோ கேமரா' என்ற பெயரில் சந்தைக்கு வரும்.

நான்காவதாக, நடைபாதைப் புகைப்படக்காரர்களின் 'மினிட் கேமரா'. மரப்பெட்டிக்குள்ளேயே டார்க் ரூம். பெட்டியில் கையை விடுவதற்குத் துணிக்கை தைத்த ஓட்டை, உள்ளே ரசாயனத் தட்டுகளின் கறை, முன்பக்கம் காகித நெகட்டிவை மாட்டி மறுபடி படமெடுக்க நீட்டும் கைச்சட்டம். இவை தச்சர் கைவேலை; இவற்றில் கம்பெனியைத் தேடுவது வீண். ஆனால் இதையும் கேமராதான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், மதிப்பில் குறைந்ததல்ல.

முதல் படி: அளவு

எல்லோரும் தேய்த்த கண்ணாடியை அளக்கிறார்கள். அது சட்டத்துக்குள் உட்கார வேண்டும் என்பதால் சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டிருக்கலாம். உடைந்த பிறகு மாற்றியும் இருக்கலாம். ஹோல்டரைத் திறந்து, ப்ளேட் உட்காரும் பள்ளத்தை மில்லிமீட்டரில் அளவெடுங்கள். ஹோல்டர் இல்லையென்றால்தான் கண்ணாடி, அதுவும் சட்டத்துக்குள் தெரியும் பகுதி மட்டும்.

வழக்கமான அளவுகள் இவை:

- குவார்ட்டர் ப்ளேட்: 3¼ × 4¼ அங்குலம் (83 × 108 மி.மீ.)
- ஹாஃப் ப்ளேட்: 4¾ × 6½ அங்குலம் (121 × 165 மி.மீ.)
- ஃபுல் ப்ளேட்: 6½ × 8½ அங்குலம் (165 × 216 மி.மீ.)
- அமெரிக்க அளவுகள்: 4 × 5, 5 × 7, 8 × 10 அங்குலம்
- ஐரோப்பிய அளவுகள்: 9 × 12, 13 × 18, 18 × 24 செ.மீ.

ஹாஃப் ப்ளேட் வந்தால் பிரிட்டிஷ் மரபு என்று ஊகிக்கலாம். பிரிட்டனில் செய்தது என்று அல்ல. இந்தியாவில் செய்தவையும் அதே அளவுதான். ஜப்பானியரும் அதே அளவைப் பயன்படுத்தினார்கள். ஃபுல் ப்ளேட் இன்னும் பொது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் உண்டு. 5 × 7 அங்குலத்துக்கும் 13 × 18 செ.மீ.க்கும் ஒரு பக்கம் 3 மி.மீ., மறுபக்கம் 2 மி.மீ. மட்டுமே வித்தியாசம். தையல்காரர் டேப்பால் அளந்தால் அமெரிக்கா ஜெர்மனியாகிவிடும். எஃகு அளவுகோல் எடுங்கள்.

ஹோல்டருக்குள் மெல்லிய தகரத் தட்டு இருந்தால், கண்ணாடி ப்ளேட்டிலிருந்து ஷீட் ஃபிலிமுக்கு மாறியவர் ஒருவர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பொருள். கேமராவின் வயது அதனால் குறையாது. அது எவ்வளவு காலம் உழைத்தது என்பது தெரிகிறது.

இரண்டாம் படி: எது நகர்கிறது, எது மடிகிறது

வயதை அதிகம் சொல்வது இந்தப் படிதான். கேமராவை மேசைமேல் வைத்து, குவியத்தைச் சரிசெய்யும் திருகைச் சுற்றுங்கள். நகர்வது முன்பகுதியா, பின்பகுதியா?

பின்பகுதி நகர்ந்து, முன்பகுதி அசையாமல் நின்று, அடிப்பலகை பின்பக்கம் கீல் வைத்து மேலே மடிந்தால், அது டெயில்போர்டு வகை. துருத்தி பெரும்பாலும் சதுரமாக இருக்கும். முன்பகுதி நகர்ந்து, துருத்தி முன்னால் குறுகி, முழுக் கேமராவும் ஒரு தடித்த புத்தக அளவுக்கு மடிந்தால் அது ஃபீல்டு கேமரா. கூம்புத் துருத்தியை 1857இலேயே ஸ்காட்லாந்தின் கின்னியர் அறிமுகப்படுத்திவிட்டார். லண்டனில் ஜார்ஜ் ஹேர் 1882இல் காப்புரிமை பெற்ற மடக்குக் கேமராவே பிற்காலத்து பிரிட்டிஷ் ஃபீல்டு கேமராக்களுக்கு அச்சாக அமைந்தது. ஆகவே மெலிந்து மடியும் ஃபீல்டு கேமரா கையில் இருந்தால், '1860ஆம் ஆண்டுக் கேமரா' என்று விற்பவர் சொல்வதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். துருத்தியே இல்லாமல் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நழுவினால் நிலைமை வேறு. அது ஆதிகாலத்து அமைப்பு. அப்படி ஒன்று கிடைத்தால் மேற்கொண்டு எதையும் கழற்றாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மடியவே மடியாமல், தூக்க இரண்டு ஆள் கேட்டு, சக்கரம் வைத்த நிலைத்தாங்கியில் நின்றால் அது ஸ்டூடியோ கேமரா. நம் ஊரில் 'ஸ்டாண்ட் கேமரா' என்ற பெயர் ஃபீல்டு கேமராவுக்கும் இதற்கும் சேர்த்தே வழங்குவதால், ஒருவர் 'ஸ்டாண்ட் கேமரா இருக்கிறது' என்றால் மடியுமா என்று கேட்டுவிடுவது நல்லது. ஸ்டூடியோ கேமராவின் பின்புறச் சட்டம் பக்கவாட்டில் நழுவினால், ஒரே ப்ளேட்டில் இரண்டோ நான்கோ படம் எடுக்கச் செய்தது அது. அந்த உத்திக்கு 1854இலேயே பாரிஸில் டிஸ்டேரி காப்புரிமை பெற்றுவிட்டார்; ஆனால் இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்ததால், இந்த ஒன்றை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

இனி நுட்பமான தடயங்கள். முக்காலியில் பொருத்தும் திருகுத்துளை அடியில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இருக்கிறதா? செங்குத்துப் படத்துக்கு முழுக் கேமராவையும் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள். அது பழைய வழக்கம். பின்சட்டத்தை மட்டும் கழற்றித் திருப்பிப் போடும் வசதி பின்னால் வந்தது. அடிப்பலகையில் பெரிய பித்தளை வளையம் பதித்து, முக்காலிக் கால்களை நேரடியாக அதில் மாட்டும் அமைப்பு இருந்தால் 1880களின் இடைப்பகுதிக்கு முன் போக வேண்டாம். நீண்ட மரையாணியைக் கைப்பிடியால் சுற்றிக் குவியம் செய்யும் அமைப்பு, பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட அமைப்பைவிடப் பொதுவாக மூத்தது. முன்பலகையின் இருபுறமும் காடி வெட்டிய பித்தளைக் கைகள் இரட்டையாக நின்று, லென்ஸை எந்தப் பக்கமும் சாய்க்க முடிந்தால், கேம்பிரிட்ஜ் தச்சர் ஃபிரெடரிக் சாண்டர்சன் 1895இல் காப்புரிமை பெற்ற முறையை நினைவில் கொள்ளுங்கள். அவர் பெயர் இல்லாவிட்டாலும், அந்த ஆண்டுக்கு முந்தையது அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

ஹோல்டர் எப்படி நுழைகிறது என்பதிலும் நாடு தெரியும். பிரிட்டிஷ் கேமராவில் தேய்த்த கண்ணாடியைக் கீலில் மடக்கிவிட்டு, அதே இடத்தில் காடி வழியாக ஹோல்டரை நழுவவிடுவார்கள். ஹோல்டரே புத்தகம்போல இரண்டாகத் திறக்கும். இரண்டு ப்ளேட் முதுகோடு முதுகாக உட்காரும். அமெரிக்க கேமராவில் கண்ணாடிச் சட்டத்தை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். அதற்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய ஹோல்டரைச் செருகுவார்கள். ஜெர்மன் ஹோல்டர்களில் மூடி ஒரே பலகையாக இல்லாமல், மெல்லிய மரச்சீவல்களைத் துணியில் ஒட்டிய சுருள்கதவாக இருப்பதைப் பார்க்கலாம்; இழுத்தால் வளைந்து பின்பக்கம் போய்விடும்.

ஈர ப்ளேட் (ஈர கொலோடியன்) காலத்து ஹோல்டர் என்றால் மூலைகளில் வெள்ளிக்கம்பி, கீழே வடியும் திரவத்துக்குச் சின்னக் கால்வாய், மரமெங்கும் வெள்ளி நைட்ரேட்டின் கறுப்புக் கறை. ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட இந்த முறை, 1880 வாக்கில் உலர் ப்ளேட் கடைக்கு வந்ததும் ஓய்ந்தது. சென்னைக்கு இந்தக் காலம் புதியதல்ல: 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியும், அந்தப் பத்தாண்டில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப்பும் அதற்குச் சாட்சி. ஆனாலும் அந்த அளவுக்குப் பழைய கேமரா பரணில் கிடைப்பது அபூர்வம். ஆசைப்படலாம், அவசரப்படக் கூடாது.

மூன்றாம் படி: மரம், உலோகம், துருத்தி

பிரிட்டிஷ் கேமராக்களில் மகாகனியே அதிகம். அமெரிக்கர்கள் மகாகனியோடு செர்ரி மரத்தையும் பயன்படுத்தினார்கள். நம்மிடம் தேக்கு. சுரண்டிப் பார்க்கத் தேவையில்லை. பாலிஷ் தேய்ந்த ஓரத்தில் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். மகாகனியில் நுண்துளைகள் சிறுசிறு கோடுகளாகப் பரவலாகத் தெரியும். செர்ரியில் துளை இருப்பதே தெரியாது, அவ்வளவு வழவழப்பு. தேக்கில் வளர்ச்சி வளையத்தை ஒட்டித் துளைகள் வரிசை கட்டும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு. தெரிந்த ஆசாரி ஒருவர் இருந்தால் கையில் கொடுங்கள், ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

தேக்கு என்றதும் 'உள்ளூர்' என்று முடிவுகட்ட வேண்டாம். வெப்ப நாடுகளுக்கென்றே பிரிட்டிஷ் கம்பெனிகள் மூலைகளில் பித்தளைப் பட்டை கட்டிய கேமராக்களைச் செய்தன. அவற்றில் தேக்கும் உண்டு. பசை ஈரத்தில் விட்டுப்போனாலும் பட்டை பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. வேறுபாடு பித்தளையில் தெரியும். தொழிற்சாலையில் செய்த கேமராவில் இடது வலது பாகங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். உள்ளூர்க் கைவேலையில் அரத்தின் கோடுகள், சற்றே மையம் விலகிய துளைகள், ஒரே வரிசையில் இரண்டு வகைத் திருகுகள். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். கொடுத்த மாதிரியைக் கண்ணால் அளந்து செய்த கையின் அடையாளம் அது.

தென்னிந்தியாவில் தேக்கு ஃபீல்டு கேமரா கிடைத்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஆலப்புழையின் வாகீஸ்வரி கேமரா ஒர்க்ஸ். 1940களில் தொடங்கி 1980கள் வரை செய்தார்கள். இசைக்கருவிகளைப் பழுது பார்த்த குடும்பம். ஆர்மோனியத்தின் துருத்தியைத் தைக்கத் தெரிந்தவருக்குக் கேமராவின் துருத்தி எட்டாத வேலையா? ஸ்டூடியோக்காரர்கள் வெளிநாட்டுக் கேமராவுக்கு இணையாக அதை நம்பினார்கள். பெயர்த்தகடு இருந்தால் சிக்கலே இல்லை. தகடு போயிருந்தால், தகடு உள்ள இன்னொரு வாகீஸ்வரியின் படத்தோடு ஒவ்வொரு பித்தளைப் பாகத்தையும் ஒப்பிட்ட பிறகே பெயர் சொல்லுங்கள்.

திருகுகளையும் விடாதீர்கள். நேர்க்கோட்டுக் காடி உள்ளவை எந்தக் காலத்திலும் வரலாம். கூட்டல்குறிக் காடி உள்ள ஃபிலிப்ஸ் திருகு 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது ஒன்று மட்டும் இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள், எல்லாமே அப்படி என்றால் கேமராவே இளசு.

துருத்தியின் நிறத்தை வைத்து வயது சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு: சிவப்பு என்றால் பழசு, கறுப்பு என்றால் புதிது என்று. சென்னையில் அது செல்லாது. இங்குள்ள ஈரத்தில் தோல் பூஞ்சை பிடித்து, பூச்சியரித்து, பல கேமராக்களில் ரெக்ஸின் துருத்தி மாற்றப்பட்டுவிட்டது. துருத்தி சட்டத்தில் ஒட்டியிருக்கும் இடத்தை உள்பக்கம் பாருங்கள். பழைய தோலின் ஒரு மெல்லிய விளிம்பு பசையோடு மிச்சமிருந்தால், அசல் நிறம் அதுதான்.

நான்காம் படி: விழுந்த பெயரைத் தேடுவது

இருட்டிய அறையில், டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். முன்சட்டத்தின் மேல்விளிம்பு, அடிப்பலகையின் முன்ஓரம், லென்ஸ் பலகையின் கீழ், பின்சட்டத்தின் தலைப்பகுதி. பெயர்ச்சில்லு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும். சில்லு விழுந்த இடத்தில் மரம் வெயில்படாமல் நிறம் மாறாது இருந்திருக்கும். முட்டை வடிவிலோ செவ்வகமாகவோ ஒரு நிழல், இரு முனையிலும் ஊசித்துளை போன்ற ஆணித்தடம். அந்த வடிவத்தையும் துளைகளின் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பெயருள்ள கேமரா ஒன்றின் சில்லோடு அது ஒத்துப்போனால், சாட்சிகளிலேயே வலுவானது இதுதான்.

அடுத்து உள்பக்கம். பாகங்களைக் கலந்துவிடாமல் இருக்கப் பட்டறையில் ஒரே எண்ணை ஒவ்வொரு பாகத்திலும் முத்திரை குத்துவார்கள், அல்லது பென்சிலால் எழுதுவார்கள். அது வரிசை எண்ணோ ஆண்டோ அல்ல. '84' என்று இருந்தால் '1884' என்று உருகுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் எல்லாப் பாகங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்றாக இருந்தால் கேமரா கலப்பில்லாதது. ஹோல்டர்களில் 1, 2, 3, 4 என்று இருப்பவை ப்ளேட் பக்கங்களின் எண்கள், படமெடுப்பவரின் வசதிக்காக.

கடைக்காரர் சீட்டு ஒட்டியிருந்தால் அதை ஒரு நாளும் உரிக்காதீர்கள். மவுண்ட் ரோடு முகவரி இருந்தால் கேமரா மவுண்ட் ரோட்டில் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எப்போது இந்த ஊருக்கு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் வேறில்லை. கடையின் பெயர், முகவரி எழுதிய விதம், தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்பவை எல்லாம் பேசும். பழைய விளம்பரங்களோடு ஒப்பிட கன்னிமாரா நூலகத்தின் பழைய இதழ்களும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பும் இருக்கின்றன.

ஐந்தாம் படி: லென்ஸ், கடைசியில்

புரசைவாக்கத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்த பெரியவர் ஒருவரிடம் கேமரா ஒன்றைக் காட்டி, "ஐயா, லென்ஸில் ஜெர்மனி என்று இருக்கிறதே, கேமராவும் ஜெர்மனிதானே?" என்று கேட்டேன். "தம்பி, லென்ஸை வைத்து வயது சொல்லாதீர்கள். அது வாடகைக்கு வந்தவன் மாதிரி. இந்தப் பலகையில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள்" என்றார். எண்ணினேன். லென்ஸ் வளையத்தைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்த திருகுத்துளைகள் இரண்டு வட்டமாக இருந்தன. இப்போதைய லென்ஸுக்கு முன் இன்னும் இரண்டு லென்ஸ் அங்கே குடியிருந்திருக்கின்றன.

ஆக, லென்ஸ் சொல்வது அந்த லென்ஸின் வயதை. துளைகள் ஒரே ஒரு வட்டமாக, பலகையின் மரம் உடலின் மரத்தோடு ஒத்திருந்தால் மட்டும், இரண்டும் கூடப் பிறந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

லென்ஸுக்கும் பெயரில்லையென்றால், விளக்கின் பிரதிபலிப்பை எண்ணுங்கள். இருட்டில் ஒற்றை விளக்கின் முன் பிடித்து மெல்லச் சாய்த்தால், காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒரு பிரகாசமான புள்ளியைத் தரும். ஒட்டிய பரப்புகள் மங்கலான புள்ளி தரும். முன்தொகுதியிலும் பின்தொகுதியிலும் இரண்டு பிரகாசம், ஒரு மங்கல் என்று சமமாக வந்தால் ராபிட் ரெக்டிலினியர் வகை. 1866இல் லண்டனில் டால்மேயரும் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே கொண்டுவந்தது. பழைய ஃபீல்டு கேமராக்களில் மிகப் பரவலானது. முன்தொகுதி அப்படியே இருந்து, பின்தொகுதியில் நான்கு பிரகாசப் புள்ளி வந்தால் 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் வகுத்த போர்ட்ரெய்ட் லென்ஸ் வகை. இதைப் பார்த்தால் பத்திரப்படுத்துங்கள், இன்றும் தேடி வாங்குகிறார்கள். முன்னால் நான்கு பிரகாசமும் பின்னால் இரண்டு பிரகாசமும் ஒரு மங்கலும் என்றால் 1902க்குப் பிந்தைய டெஸார் அமைப்பு.

குழலின் நடுவே ஒரு வெட்டு இருந்து, அதில் ஓட்டை போட்ட தகடுகளைச் செருக வேண்டியிருந்தால் அவை வாட்டர்ஹவுஸ் தகடுகள், 1858இல் வந்தவை. வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் மூடும் ஐரிஸ் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். கண்ணாடியில் ஊதா அல்லது நீலச் சாயல் பளபளத்தால் பூச்சிட்ட லென்ஸ். அது இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்தது. 'ஜெர்மனியில் செய்தது' என்ற பொறிப்பு 1887இன் பிரிட்டிஷ் வணிகக்குறிச் சட்டத்துக்குப் பிறகே வழக்கமானது. டால்மேயர் பெயரோடு 'லிமிடெட்' இருந்தால் 1892க்கு முந்தையது அல்ல. காம்பர் ஷட்டர் இருந்தால் 1912க்கு முந்தையது அல்ல. முன்னால் துணிச்சுருளும் நூலும் கொண்ட சின்ன மரப்பெட்டி மாட்டியிருந்தால் அது ரோலர் பிளைண்டு ஷட்டர்; இங்கிலாந்தின் தார்ன்டன்-பிக்கார்ட் கம்பெனி பெயர்பெற்றது அதில்தான். ஷட்டரே இல்லையென்று வருந்தாதீர்கள். லென்ஸ் மூடியைக் கழற்றி, எண்ணி, மறுபடி மூடுவதே அந்தக் கால ஷட்டர்.

எழுதி வைப்பது

திருவல்லிக்கேணி வீடு ஒன்றிலிருந்து வந்த கேமரா ஒன்றுக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பு இது:

"ஹாஃப் ப்ளேட் ஃபீல்டு கேமரா, பள்ளம் 121 × 165 மி.மீ. மகாகனி, அரக்குப் பூசிய பித்தளை. முன்குவியம், பற்சட்டம், கூம்புத் துருத்தி (ரெக்ஸின், மாற்றியது, பழைய விளிம்பு அரக்குச் சிவப்புத் தோல்). பின்சட்டம் கழற்றித் திருப்பலாம். அடிப்பலகையில் முக்காலி வளையம். புத்தக வகை ஹோல்டர் மூன்று. இரண்டில் உடலில் உள்ள அதே பட்டறை எண், மூன்றாவது தேக்கு, பிற்சேர்க்கை. முன்சட்டத்தில் முட்டை வடிவச் சில்லின் தடம். லென்ஸ் பெயரற்ற ராபிட் ரெக்டிலினியர் வகை, ஐரிஸுடன். லென்ஸ் பலகையில் இரண்டு துளை வட்டம், ஆகவே அசல் அல்ல. பிரிட்டிஷ் தயாரிப்பு. 1880களின் பிற்பகுதி முதல் 1910 வரை. செய்தவர்: தெரியவில்லை."

வீட்டுக்காரருக்குக் கடைசி வரி பிடிக்கவில்லை. "லேன்காஸ்டர் என்று போட்டுவிடுங்களேன், சார், அந்தப் பெயரில் நிறைய இருக்கிறதாமே" என்றார். நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். பர்மிங்ஹாம் லேன்காஸ்டர் கம்பெனி மலிவான கேமராக்களை ஏராளமாக விற்றது. அதனாலேயே ஒப்பிட்டுப் பார்க்கவும் எளிது. ஒப்பிட்டேன், பித்தளைப் பூட்டுகள் ஒத்துப்போகவில்லை. பெயரைப் போடவில்லை.

உங்கள் குறிப்பிலும் பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரித்தே எழுதுங்கள். ஆண்டை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் 'இதற்கு முன் அல்ல, இதற்குப் பின் இருக்க வாய்ப்புக் குறைவு' என்று இரு எல்லையாகச் சொல்லுங்கள். படங்கள் எடுக்கும்போது மடித்த நிலை, முழுதும் நீட்டிய நிலை, பின்பக்கம், அடிப்பக்கம், ஒவ்வொரு பூட்டின் நெருக்கக் காட்சி, அளவுகோலோடு சில்லுத்தடம் ஆகியவை போதும். விவரம் தெரிந்தவர்கள் முகப்பைப் பார்ப்பதைவிட அடிப்பக்கத்தைப் பார்த்தே அதிகம் சொல்வார்கள்.

விற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972இன் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல விலை சொல்லி, 'பழைய மரப்பெட்டி என்று எழுதிப் பார்சல் போட்டுவிடுங்கள்' என்றால் கேட்காதீர்கள். உங்கள் கேமரா அந்த வரையறைக்குள் வருமா என்பதை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு, வராது என்றால் சான்று வாங்கிக்கொள்ளலாம். அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. போகும்போது மேலே சொன்ன குறிப்பும் படங்களும் கையில் இருந்தால், கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.